கோலி கூப்பிட்டால்

உக்காரும்மா. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் நொண்டும். கட்டில்லயே உக்காரு. பிலோமினா மகளா நீ! வாசல்ல நிக்கறப்பவே நெனச்சேன். இந்த மூக்கு உங்க தாத்தா மூக்கு. ஃபோர்மேன் அருளப்பன் மூக்கு. பொன்மலை ஒர்க்ஷாப்புல பாய்லர் ஷெட்டுக்குள்ள இந்த மூக்கு நுழைஞ்சா, பேசிக்கிட்டு நின்ன அத்தனை பேரும் சுத்தியலைக் கையில எடுத்துக்குவோம். மஸ்கட்ல இருந்து எப்ப வந்தே? இனிமே இங்கதானா? நல்லது. அம்மாவைப் பார்த்துக்க ஆள் வேணும்ல.

கேட்டுச்சும்மா, கேள்வி காதுல விழுந்துச்சு. திருப்பிச் சொல்ல வேணாம். "எங்க அண்ணன் அந்த மேட்ச்சை வித்தானான்னு சூசையண்ணன்கிட்ட கேட்டுட்டு வா." அதானே? மூக்குல குழாயோட ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, அம்பத்து மூணு வருஷம் கழிச்சு இதைக் கேக்கணும்னு தோணியிருக்கு பாரு அதுக்கு. சொல்றேன். சொல்லாம அனுப்ப மாட்டேன். மருமக காபி போடறா, வரட்டும்.

என்னை யாருன்னு அம்மா சொல்லியிருப்பாளே. கோலி சூசை. மரியசூசைன்னு கேட்டா இந்த காலனியில ஒருத்தனுக்கும் தெரியாது. பதினோரு வருஷம் ரயில்வே ஃபுட்பால் டீமுக்கு கோல் காத்தவன். இந்த விரலைப் பாரு, மூணு இடத்துல உடைஞ்சது. இந்தத் தாடையைத் தொட்டுப் பாரு, சும்மா தொடு, உள்ள ஒரு மேடு தட்டுதா? அறுபத்தொண்ணுல திண்டுக்கல்காரன் ஒருத்தன் பூட்ஸால விட்டான். ஆறு வாரம் வாய்க்குள்ள கம்பி. உறிஞ்சுகுழாய்ல கஞ்சி. எழுந்து வந்து மறுபடியும் அதே கம்பத்துக்கு நடுவுல நின்னேன். பயம்னா என்னன்னு தெரியாத கோலின்னு நோட்டீஸ்ல போடுவாங்க.

அந்தச் சுவத்துல பாரு போஸ்டரை. லெப்டினன்ட் சவரிராயன் நினைவுக் கோப்பை, நாப்பத்தெட்டாம் ஆண்டு. இன்னிக்கு நாலு மணிக்கு ஃபைனல். கீழ என் படம் இருக்கா? சிறப்புரை. வருஷா வருஷம் நான்தான். எல்லாருக்கும் உங்க மாமன் லெப்டினன்ட். எனக்கு அவன் ராயன். பேச்சுல ஒரு இடம் வரும், பொம்பளைங்க கண்ணைத் துடைச்சுக்குவாங்க. "மனுஷன்னா ஒரு தரம் தவறத்தான் செய்வான். அன்னைக்கு மைதானத்துல விட்ட பந்தை, ராயன் எல்லையில போய்ப் பிடிச்சுட்டான். அவனோட கோலிங்கிற முறையில நான் அவனை எப்பவோ மன்னிச்சாச்சு." கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆகும்மா.

என்ன பார்க்கறே? காபியைக் குடி.

ராயனைப் பத்தி ஒண்ணும் குறைச்சு சொல்ல மாட்டேன். எனக்கு முன்னாடி நின்ன செண்டர் ஹாஃப்ல அவனை மாதிரி ஒருத்தன் வரல. ஆள் ஒல்லி. காலேஜ் முடிச்சவன், அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்ல கிளார்க். இங்கிலீஷ் பேப்பரும் தமிழ்ப் பேப்பரும் ரெண்டையும் முழுசாப் படிப்பான். அதான் அவன்கிட்ட ஒரு குறை, ரொம்ப யோசிப்பான். நாங்கல்லாம் பாய்லர் ஷெட் ஆளுங்க, பந்து வந்தா உதைப்போம். அவன் அதுக்கு வழி காட்டுவான். உங்க தாத்தா மேட்ச்சுக்கு வந்தா மகன் ஆடறதைப் பார்க்கவே மாட்டாரு, மகன் ஆடறதைப் பார்க்கற சனங்களைத்தான் பார்ப்பாரு. அவ்வளவு பெருமை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு, அது வேற.

எங்களுக்கு கோச்சு டெஸ்மண்ட் துரை. ஆங்கிலோ இந்தியன், மெயில் வண்டி டிரைவர். அவரு ஒரு சட்டம் வெச்சிருந்தாரு, அதை நீ தெரிஞ்சுக்கணும். ஒத்தைத் தண்டவாளத்துல டோக்கன் முறைன்னு கேள்விப்பட்டிருக்கியா? ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்துல ஒரு டோக்கன் மாட்டிக் கொடுப்பாரு. அது எந்த டிரைவர் கையில இருக்கோ அவன் மட்டும்தான் அந்தப் பாதையில போகலாம். இன்னொரு வண்டி உள்ள வரவே கூடாது. வந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. துரை சொல்லுவாரு, அவரோட தமிழ்ல: "கோலி கூப்பிட்டான், டோக்கன் அவன் கையில. பந்து உன் தலைக்கு மேல இருந்தாலும் விடு. உன் அப்பன் சொன்னாலும் தொடாதே. குனி." கோலி கூப்பிடறதுன்னா ஒரே சொல்லுதான். "என்னுது!" அந்தச் சத்தம் கேட்டா பேக்கு, ஹாஃப்பு எல்லாரும் குனிஞ்சு வழி விட்டுடணும். எனக்கும் அவரு ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. "கூப்பிட்டுட்டா நீ வரணும். செத்தாவது வரணும். டோக்கனை வாங்கிட்டு ஸ்டேஷன்ல நிக்கறவன் டிரைவர் இல்ல."

காலையில அஞ்சரைக்கெல்லாம் பிராக்டீஸ். ராயன் தலைக்கு நேரா பந்தை வீசுவாரு துரை. நான் கூப்பிடுவேன், அவன் குனிவான், அவன் முதுகுக்கு மேல பறந்து நான் பிடிப்பேன். நூறு தரம், இருநூறு தரம். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்மா. குனிஞ்சவன் அடுத்த பந்துக்கு எங்க ஓடணும்னு பார்க்கப் போயிடுவான். பின்னாடி நான் இருக்கேன்னு அவனுக்கு அவ்வளவு...

உன் போன் அடிக்குதுல்ல? அடிக்கட்டும், அடிக்கட்டும். முக்கியமான இடம் வருது. கதையைக் கேளு.

அறுபத்து மூணு ஜனவரி. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி ஃபைனல். சீனாக்காரன் சண்டை முடிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகல. பட்டாளத்துக்கு ஆபீசர் வேணும்னு எங்க பார்த்தாலும் ஒட்டியிருந்தாங்க. அதை எவன் படிச்சான்? எங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கத்து மில் டீம்தான் சீனாக்காரன். அந்த மில்லுல இருந்து ராயனுக்கு ஒரு கடிதம் வந்துச்சு. எங்க டீமுக்கு வா, நல்ல வேலை போட்டுத் தர்றோம்னு. மறைக்கத் தெரியாத பய, கேன்டீன்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினான். சிரிச்சோம். "போடா போ, அங்க பஞ்சு மெத்தையில விளையாடு"ன்னேன் நான். "உன் கத்தல் இல்லாம எனக்குத் தூக்கம் வராதுடா"ன்னான். அந்தக் கடிதம்தான் அப்புறம் அவன் கழுத்தைச் சுத்துச்சு.

மேட்ச்ல ஒண்ணுக்கு ஒண்ணு. முடிய ஆறு நிமிஷம். கிழக்குப் பக்கக் கோல்ல நான். மில்லுக்காரன் ஒருத்தன் வலதுபக்கம் இருந்து ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். நல்ல உயரம். ராயன் சரியா அதுக்குக் கீழ நிக்கறான். எனக்கும் அவனுக்கும் மூணு கெஜம். தலையைச் சாய்ச்சாலே போதும், பந்து வெளிய போயிடும். அந்த நேரம் பார்த்து ஒர்க்ஷாப் சங்கு ஊதுது, அஞ்சு மணிச் சங்கு. ராயன் தலையைத் தூக்கினான். தூக்கினவன், குனிஞ்சான்.

குனிஞ்சுட்டான்மா. பந்து அவன் முதுகைத் தாண்டி விழுந்து எகிறுச்சு. அவங்க செண்டர் ஃபார்வர்டு ஓடி வந்து தட்டினான். கோல். அவ்வளவுதான். கோப்பை போச்சு.

அப்புறம் ஒரு குரல், "வித்துட்டான்டா!" அப்புறம் நூறு குரல். "மில்லுக்காரன்கிட்ட வித்துட்டான்டா!" ராயன் மேல மண்ணை வாரி வீசினாங்க. உங்க தாத்தா கூட்டத்துல இருந்து எழுந்தாரு, குடையை எடுத்தாரு, மகனைப் பார்க்காம வீட்டைப் பார்த்து நடந்தாரு. ராயன் அவரைப் பார்க்கல. என்னைப் பார்த்தான். மூஞ்சியெல்லாம் மண்ணு. கோபமெல்லாம் இல்ல. ஏதோ வரப்போகுதுன்னு காத்துக்கிட்டு நிக்கறவன் மாதிரி நின்னான். எனக்கு அது புரியல. நான் பந்தை எடுக்க வலைக்குள்ள போயிட்டேன்.

என்ன கேட்டே? நான் கூப்பிட்டேனான்னா?

சங்கு ஊதிக்கிட்டு இருந்துச்சும்மா. பொன்மலைச் சங்குன்னா அரியமங்கலம் வரைக்கும் கேக்கும். அந்தச் சத்தத்துல யாரு என்ன கூப்பிட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்? டெஸ்மண்ட் துரையே கோட்டுக்கு வெளிய நின்னு தலையிலதான் அடிச்சுக்கிட்டாரு. வெயில்னு வெச்சுக்கோ. மேற்கு வெயில் கண்ணுல குத்தியிருக்கும். இல்ல, யோசிச்சிருப்பான். நான்தான் சொன்னேனே, ரொம்ப யோசிக்கிற பயன்னு.

அப்புறம் அந்த வீட்டுல நடந்ததை நான் சொல்லக் கூடாது, உங்கம்மாதான் பார்த்தவ. ஏழு வாரம் தாத்தா மகன்கூடப் பேசல. மகன் தட்டு எடுத்தா இவரு எழுந்துடுவாரு. பிலோமினாதான் ரெண்டு பேருக்கும் நடுவுல, "அப்பா, அண்ணன் தண்ணி கேக்குது", "அண்ணா, அப்பா கோயிலுக்குக் கிளம்பிட்டாரு"ன்னு. பதினேழு வயசுப் பொண்ணு. மில்லுக்காரங்க மறுபடியும் எழுதினாங்க, அவன் போகல. போயிருந்தா வித்தவன்னு முத்திரை குத்திடுவாங்கல்ல. பட்டாளத்து ஆபீசர் வேலைக்கு மனு போட்டான். யூனிஃபார்ம் ஆசைம்மா. படிச்ச பசங்களுக்கு அப்ப அந்த ஆசை இருந்துச்சு. வேற என்ன காரணம் இருக்கு?

கிளம்பறதுக்கு முந்தின நாள் எங்க வீட்டுக்கு வந்தான். சைக்கிள்ல இருந்து இறங்கல. ஒரு காலைத் தரையில ஊணிக்கிட்டு, "சூசை, பரங்கிமலைக்குப் போறேன்டா. ட்ரெயினிங்"னான்.

"நல்லபடியாப் போயிட்டு வாடா"ன்னேன்.

பெல்லைச் சும்மா தடவிக்கிட்டே நின்னான். "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்னடா சொல்லணும்? உடம்பைப் பார்த்துக்க."

"அப்பாகிட்ட ஏதாவது சொல்றியா?"

"உங்கப்பாகிட்ட நான் என்னடா பேசறது, எனக்கே அவரைப் பார்த்தா ஒண்ணுக்கு வரும்"னேன். சிரிச்சான். "சரிடா"ன்னான். போயிட்டான். வழியனுப்ப ஸ்டேஷனுக்குக் கூப்பிட வந்திருப்பான். கூச்சப்பட்டுக் கேக்காமப் போயிட்டான் போல. எனக்கு அன்னைக்கு ஷிப்ட் வேற.

ஒரு கடிதம் போட்டான். இருக்கு, அந்த ட்ரங்குப் பெட்டியில பைபிளுக்குள்ள. "இங்கே என் பிளட்டூன்ல ஒரு டீம் சேர்த்திருக்கிறேன். வட ஆற்காட்டுப் பையன்கள், முரட்டு ஆட்டம். நம்ம டோக்கன் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். எல்லாம் இருக்கிறது, கோலிக்கு உன் குரல்தான் இல்லை." பதில் எழுதணும், எழுதணும்னு இருந்தேன். எனக்கு எழுத்து அவ்வளவா வராது.

அறுபத்தஞ்சு செப்டம்பர்ல, பாகிஸ்தான் சண்டையப்ப, தந்தி வந்துச்சு. தந்தியை உங்க தாத்தா என்கிட்டதான் நீட்டினாரு. வாசிக்கத் தெரியாதவர் இல்ல. கண்ணாடி போட்டிருந்தாரு. கை மட்டும் நீட்டிக்கிட்டே இருந்துச்சு. அடக்கம் பண்ண உடம்புகூட வரல. கோயில்ல காலிப் பெட்டியை வெச்சு மெழுகுவத்தி ஏத்தினாங்க. பூசை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் என் தோளைப் பிடிச்சாரு. அதுவரைக்கும் அந்த மனுஷன் என்னைத் தொட்டதில்லம்மா. "சூசை, நீ பக்கத்துலதானே நின்னே. அவன் ஏன்டா பந்தை விட்டான்?"ன்னாரு.

"தெரியலைங்க சார். வெயிலா இருக்கும்"னேன்.

"வெயில்"னாரு. தலையாட்டினாரு. ஆறு வருஷம் இருந்தாரு அப்புறம். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கிழக்குக் கோல் பக்கம் போய் அஞ்சு மணிக்கு நிப்பாரு. சூரியனைப் பார்த்துக்கிட்டு. கண்ணு கூசுதான்னு பார்க்கறாரு போலன்னு பசங்க கேலி பண்ணுவாங்க.

மறுபடியும் அடிக்குது பாரு. உங்க வீட்டுக்காரரா? அம்மா பக்கத்துல இருக்காருன்னியே. அப்புறம் பேசிக்கலாம்மா, எடுக்காதே. இப்ப நிறுத்தினா இதை நான் மறுபடியும் ஆரம்பிக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

அறுபத்தாறுல ஒருத்தன் வந்தான். முனிரத்தினம்னு பேரு, ராயன் பிளட்டூன்ல நாயக். வாணியம்பாடிப் பக்கம். இடது கை தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ராயனோட பெட்டியை ஃபோர்மேன்கிட்ட கொடுத்துட்டு, விசாரிச்சுக்கிட்டு என் வீட்டுக்கு வந்தான். வாசல்ல நின்னு, "நீங்கதானா சார் அந்தக் கோலி?"ன்னான். அப்படியே சாமியைப் பார்க்கற மாதிரி பார்த்தான்.

பஞ்சாபுல ஒரு கால்வாய்க் கரை, கரும்புத் தோட்டம். விடிஞ்சு கொஞ்ச நேரத்துல, பின்னாடி வாங்கன்னு உத்தரவு. எல்லாரும் கால்வாயைத் தாண்டணும்னா ஒரு ஆள் மெஷின் கன்னோட கரையில இருக்கணும். இருந்தவன் அடிபட்டு விழுந்துட்டான். கன் சும்மா கிடக்கு. முனிரத்தினமும் இன்னும் ரெண்டு பேரும் அதைப் பார்த்து ஓடியிருக்காங்க. பின்னாடி இருந்து லெப்டினன்ட் சத்தம். "என்னுது!"

"குனிஞ்சிட்டோம் சார்"னான் முனிரத்தினம். "யோசிக்கவே இல்ல சார். ஆடி ஆடிப் பழக்கம். சார் கூப்பிட்டுட்டாரு, நாங்க விட்டுட்டோம். எங்க தலைக்கு மேல தாண்டிப் போனாரு. திரும்பிப் பார்க்காதேன்னு சொல்லிக் கொடுத்திருக்காரு, பார்க்கல. பன்னெண்டு பேரு கால்வாயைத் தாண்டிட்டோம் சார். அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் கன் நிக்கவே இல்ல. அப்புறம்தான் நின்னுச்சு."

அழுதான். அடிபடாத கையால துடைச்சுக்கிட்டான். அப்புறம் கேட்டான்.

"சார் ஒரு ஃபைனல் பத்திச் சொல்லுவாரு. நீங்க கூப்பிட்டீங்களாம், சங்குச் சத்தத்துல அவருக்கு மட்டும்தான் கேட்டுச்சாம், பந்தை விட்டுட்டாராம். அதோட நிறுத்திடுவாரு. அப்புறம் என்ன ஆச்சு சார்னு கேட்டா சிரிப்பாரு. அதை சூசைதான் சொல்லணும், அவன் சொல்லுவான்னு சொல்லுவாரு. சொல்லுங்க சார். அந்தப் பந்து என்ன ஆச்சு?"

பிடிச்சேன்னு சொன்னேன்மா.

ஆமா. பிடிச்சேன்னு சொன்னேன். "அதானே சார்!"ன்னான் அவன். மூஞ்சியெல்லாம் வெளிச்சம். "அதனாலதான் சார் அவரு அப்படி நம்பினாரு"ன்னான். விறைப்பா நின்னு எனக்கு ஒரு சல்யூட் அடிச்சுட்டுப் போனான்.

எனக்கு.

உனக்கு எப்பவோ புரிஞ்சிருக்கும். உங்க தாத்தா மூக்கு அது. ஆமாம்மா, கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒரு எட்டு வெச்சேன். அந்த ஃபார்வர்டு காலைத் தூக்கிக்கிட்டு வர்றான், பூட்ஸோட ஆணி தெரியுது. இந்தத் தாடைக்குள்ள அந்தக் கம்பி மறுபடியும் ஏறின மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது எட்டு வரல. கால் வரலம்மா. அவன் குனிஞ்சது குனிஞ்சபடி, திரும்பிக்கூடப் பார்க்காம இருக்கான். நான் வருவேன்னு.

அன்னைக்குச் சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சனம் ஆத்திரத்துல இருக்கு, நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். நாளைக்குன்னா, ஏன்டா நேத்தே சொல்லலன்னு கேப்பாங்களேன்னு நெனச்சேன். அப்புறம் அவன் பரங்கிமலை போயிட்டான். அப்புறம் செத்துட்டான். செத்தவனுக்குச் சொல்லி என்னன்னு இருந்தேன். அப்புறம் கோப்பை வெச்சாங்க, மைக் கொடுத்தாங்க. மைக்ல ஒரு தரம் மன்னிச்சேன்னு சொன்னதும் கை தட்டினாங்க. சொல்லச் சொல்ல எனக்கே, அவன் ஏதோ தப்புப் பண்ண மாதிரியும் நான் பெரிய மனசு பண்ண மாதிரியும்... நாப்பத்தெட்டு வருஷம்மா. நிஜமாவே நம்பிட்டேன்னு நெனக்கிறேன். நீ வாசல்ல வந்து நிக்கற வரைக்கும்.

உங்க மாமன் விக்கலம்மா. போய் உங்கம்மாகிட்ட சொல்லு. இல்ல, நீ சொல்லாதே. நான் சொல்லணும். அதை சூசைதான் சொல்லணும்னு சொன்னானாம்ல. இன்னிக்கு மைதானத்துப் பேச்சை முடிச்சுட்டு, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வர்றேன். சூசை வர்றான்னு அவகிட்ட சொல்லி வை.

மூணாவது தரம். எடும்மா. எடு.

யாரு, வீட்டுக்காரரா? என்ன? என்னம்மா சொல்றாரு? ஏன் எழுந்துட்டே?

கண்ணைத் திறக்கலையா? எப்பலேருந்து? முதல் போன் அதுக்குத்தானா? அப்ப பேசிக்கிட்டு இருந்தாளா? "கேட்டியா, சூசை என்ன சொன்னாரு"ன்னு அவளே உன்னைக் கேக்கத்தான் போன் போட்டாளா? அதையா நான் எடுக்காதேன்னேன்?

காது கேக்குமாம்மா? கண்ணு மூடினாலும் காது கேக்கும்னு சொல்லுவாங்களே, டாக்டர் சொன்னாரா? கேளு அவரை. போனை அவ காதுல வைக்கச் சொல்றியா? வேணாம், வேணாம். போன்ல வேணாம். தூர நின்னுக்கிட்டு நான் கூப்பிட்டது போதும்.

செருப்பு எங்கடி, மருமகளே, என் செருப்பு! இருக்கட்டும் விடு, வெறுங்காலோட வர்றேன். மைதானத்துக்காரங்க வந்தா இன்னிக்குப் பேச்சு இல்லன்னு சொல்லு. பிடி, என் கையைப் பிடிச்சுக்கோம்மா, படி உயரம்.

போன்ல இருக்காரா இன்னும்? என்ன சொல்லப் போறே? சூசை வர்றாருன்னா?

சொல்லாதே. நான் வர்றேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதேம்மா. நட.